ரப்பர் பால் பூசிய ஐஸ் பெட்டி

குளிர் என்பது எங்கோ நிரப்பித் தரும் சரக்கு என்று இருபத்தெட்டு வயது வரை நம்பியவன் நான். டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போல, சைக்கிள் டயருக்குக் காற்று அடிப்பது போல, ஐஸ் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரன் குளிரை அடைத்து மூடி அனுப்புகிறான்; கதவைத் திறக்கத் திறக்க அது குறையும்; முழுக்கப் போய்விட்டால் பெட்டி வெறும் அலமாரி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொந்த மூளையில் நானே யோசித்துக் கண்டுபிடித்தது. அதனால்தான் அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். செரண்டாவுக்கும் கோலா குபு பாருவுக்கும் இடையில், பெரிய சடக்கிலிருந்து, அதாவது சாலையிலிருந்து, உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணி, கணக்குப்பிள்ளை மாதிரி. மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் பாலை நிறுத்து, உறையாமல் இருக்க அமோனியா கலந்து, டிரம்மில் அடைத்து லோரியில் ஏற்றுவது என் பொறுப்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறப்பார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசி, மீன் டின், மருந்து எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. சடக்கில் பத்து மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி.

அந்த நேரத்தில்தான் என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. திருமணமாகி இரண்டு வருஷம். ஆளே பாதியாக இளைத்துப்போய், ஒரு நாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். கோலா சிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவளுடைய சின்னம்மா வீடு இருந்ததால் அங்கே கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, தினம் காலையில் ஒரு ஊசி, ஆயுள் முழுக்க என்றார். அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் குளிர்ந்த பொருள் என்று பார்த்தால் சிமெண்டுத் தரை ஒன்றுதான். மின்சாரமோ துரை பங்களாவுக்கு மட்டும், அதுவும் பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம். ஆகவே அவள் சின்னம்மா வீட்டிலேயே தங்கினாள். நான் மாதம் இரண்டு தடவை லோரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

பிறகு துரைக்கு நல்ல புத்தி வந்தது. பாம்புக்கடி மருந்தும் தடுப்பூசி மருந்தும் கெட்டுப்போகாமல் இருக்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு ஐஸ் பெட்டி வாங்குவது என்று தீர்மானித்தார். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகிறார்; அவருடைய பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் பெட்டி இருக்கிறது. அடியில் விளக்கு எரியும், மேலே ஐஸ் உறையும் என்றார்கள். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்குவதா? என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் டிரசர் ஐயா, அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்துகிறவர், டாக்டருக்குக் கடிதம் எழுதினார். பெட்டி வந்து ஒரு வாரம் ஒழுங்காகக் குளிர் கொடுத்தால் அவளை அனுப்பலாம், ஊசியைத் தோட்டத்திலேயே போட்டுக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. பெட்டி ஓடாவிட்டால் அவள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். வேறு பெட்டி வாங்கத் துரைக்கு இன்னொரு முறை நல்ல புத்தி வரும் என்று நம்ப இடமில்லை.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஆளை அனுப்புங்கள், பெட்டியோடு புத்தகம் இருக்கும் என்று எங்கள் துரை சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் நான் போய் நின்றேன். ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன். தோட்டத்தில் தந்தி வந்தால் என்னிடம்தான் ஓடி வருவார்கள். இந்தப் பெருமை, பெட்டி எடுக்கப் போன நாள் மத்தியானம் வரை தாங்கியது.

அன்று காலையில் லோரியில் பால் டிரம்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பத்து மணிக்கு அந்தப் பங்களாவுக்குப் போனோம். லோரி டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஸ்டியரிங்குக்கு மேலே மாதா படம், வாயில் எப்போதும் ஒரு சுருட்டு. அதைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. பங்களாத் துரை ஏற்கனவே கப்பல் ஏறியிருந்தார். வீட்டுக்குள் ஹைலாம் சீனரான சமையல்காரர் மட்டும் இருந்தார். பெட்டி ஓடுகிறது என்று காட்டுவதற்காக அன்று காலை வரை விளக்கை எரிய விட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று, நெஞ்சு உயரம், நாலு குட்டைக் கால்களில் துரைமார் போலவே விறைப்பாக நின்றது. கதவைத் திறந்து என்னைக் கையை விடச் சொன்னார். விட்டேன். குளிர் முழங்கை வரை ஏறியது. உள்ளே இரண்டு தட்டில் ஐஸ் இருந்தது. எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்து, கையை எடுக்காமல் ஐஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். சமையல்காரர் நான் ஐஸுக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் விளக்கை அணைத்தார், எண்ணெய்த் தொட்டியை உருவித் தனியாகக் கொடுத்தார், ஒரு மெல்லிய புத்தகத்தை என் கையில் வைத்தார், பஸ் பிடிக்க ஓடிவிட்டார். புத்தகத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்க என்ன அவசரம்?

என் கவலையெல்லாம் கதவு மேல்தான். விளக்கை அணைத்தாகிவிட்டது, இனிமேல் உள்ளே இருப்பதுதான் குளிர். அதை ஐம்பது மைல் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தட்டை வெளியே எடுக்கலாமா என்று டிரைவர் கேட்டார். கூடாது என்றேன். பாலுக்கு உறை ஊற்ற மோர் மிச்சம் வைப்பதில்லையா, அதுபோலக் கொஞ்சம் ஐஸ் உள்ளேயே கிடந்தால்தான் நாளைக்குக் குளிர் பிடிக்கும் என்று விளக்கம் கொடுத்தேன். அவர் சுருட்டை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினார்.

அடுத்து, பெட்டியை நிறுத்தி வைத்தால் கதவு பக்கவாட்டில் இருக்கிறது, இடுக்கு வழியாகக் குளிர் கீழே ஒழுகிவிடும் என்று எனக்குப் பட்டது. மல்லாக்கப் படுக்க வைத்தால் கதவு மேலே வந்துவிடும், டிரங்குப் பெட்டி மூடி மாதிரி. குளிருக்குக் கனம் உண்டு, கீழேயே தங்கும். ஆகவே கோணிச் சாக்குகளைப் பரப்பி, அதன் மேல் பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்தோம். பங்களாத் தோட்டக்காரர்கள் நான்கு பேர் தூக்கினார்கள். நான் குழந்தைக்குத் தலை பிடிப்பது போல ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் நான் சாதாரண முட்டாள். ரப்பர் தோட்டத்துக்காரன் அல்லவா, அதனால் ஒரு படி மேலே போனேன். டிரம் கழுவும்போது மிச்சம் விழுந்த பால் அரை வாளி லோரியில் இருந்தது. போகிற வழியில் சின்னம்மா வீட்டு வாசலில் லோரியை நிறுத்தச் சொல்லி, ஒரு தேங்காய் மட்டையைத் தட்டித் தூரிகை செய்து, கதவைச் சுற்றி இடுக்கு முழுக்க ரப்பர் பாலைப் பூசினேன். ஒரு பூச்சு காய்ந்ததும் மறு பூச்சு. அப்படி மூன்று பூச்சு. வெயிலில் அது மஞ்சளாக இறுகி, பெட்டியும் கதவும் ஒரே தோலாக ஆகிவிட்டன. ஈ நுழைய இடமில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் மனைவி வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். முகம் கொஞ்சம் தேறியிருந்தது.

"என்னங்க இது?"

"குளிரு வெளிய போவாம ஒட்டுறேன்."

"அது சரி. மூணு மாசமா நான் வெளிய நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஒட்டக் காணோம்."

டிரைவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். நான் பூச்சிலேயே கவனமாக இருப்பது போலக் குனிந்துகொண்டேன். புறப்படும்போது அவள் லோரியின் பக்கப்பலகையில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள். "பெட்டி ஓடலைன்னா ஓடலன்னு உடனே சொல்லி அனுப்புங்க. வரும் வரும்னு துணியெல்லாம் மடிச்சு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால முடியாது." சரி என்று தலையாட்டிவிட்டு லோரியில் ஏறினேன்.

மூன்று பூச்சு காய்வதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார். ஆறு மணிக்குள் வேலிக்குள் இருக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ். ஆட்களையெல்லாம் இறக்கிக் கூடை கூடையாகத் துழாவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் ஒரு மலாய் சார்ஜன் லோரி மேல் ஏறினார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார், ரப்பர் பூச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புக்கா," என்றார். திற என்று அர்த்தம்.

இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் நிலை புரிகிறது. காட்டுக்குக் கடத்திச் சேர்த்து வைக்க முடியாதபடி மீன் டின்னைக்கூட ஓட்டை போட்டு விற்கும் காலத்தில், ஒரு ஆள் நெஞ்சு உயரப் பெட்டியைக் காற்றுப் போகாமல் ஒட்டி, காட்டோரச் சடக்கில் கொண்டுபோகிறான். உள்ளே அரிசி இருக்கலாம், துப்பாக்கி இருக்கலாம். பிணம்கூட இருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஆயுசிலேயே முதல் தடவையாகத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரிடம் முடியாது என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாயில், திறந்தால் உள்ளே இருப்பது ஓடிவிடும் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கான்ஸ்டபிள் துப்பாக்கியை நிமிர்த்தினார்.

"கிராணியாரே, வாய மூடுலா," என்றார் டிரைவர், உதட்டை அசைக்காமல். "இன்னொரு வார்த்தை பேசினா ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போயிருவோம்."

கான்ஸ்டபிள் இடுப்பிலிருந்த பாராங் கத்தியால் ரப்பரை அறுத்தார். அது பாம்புச் சட்டை போல நீளமாக உரிந்து வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. கதவை மேலே தூக்கினார்கள். உள்ளே பின்சுவர் மேல் ஒரு குளம் தண்ணீர். அதில் இரண்டு காலித் தட்டுகள் படகு மாதிரி மிதந்தன. சார்ஜன் கையை விட்டார். வெந்நீர் என்று சொல்ல முடியாது, ஆனால் குளிக்கலாம்.

என் மூன்று மாதத்துக் காத்திருப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து கிடப்பது போல இருந்தது. குளிர் போய்விட்டது. நான் லோரிப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சார்ஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலிப் பெட்டிக்காக இந்த ஆள் ஏன் அழுகிற முகம் காட்டுகிறான்? காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் சட்டைப் பையில் இருந்த புத்தகம் ஞாபகம் வந்தது. என்னையே வாசிக்கச் சொன்னார்.

நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, பஸ் கூட்டத்தின் முன்னால் இங்கிலீஷில் வாசித்தேன். முதல் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது. பெட்டியை எப்போதும் நிமிர்த்தி நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. மெதுவாகப் போக வேண்டும், குலுங்கக் கூடாது. பின்புறக் குழாய்களில் அடைத்திருப்பது அமோனியா. அமோனியா வாடை அடித்தால் குழாய் உடைந்திருக்கிறது. உடனே விலகி நிற்கவும்.

வாசித்து முடித்த அதே கணம் வாடை அடித்தது.

லேசாக அல்ல. கண்ணில் நீர் வரும்படி. குழாய் உடைந்துவிட்டது என்று தமிழில் கத்தினேன், பிறகு மலாயில், கடைசியில் இங்கிலீஷில். லோரியிலிருந்து நான் குதித்த வேகத்தைப் பார்த்து, விஷயம் தெரியாத பஸ் கூட்டம் வெடிகுண்டு என்று நினைத்து ஓடியது. கான்ஸ்டபிள் மண் மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தார். சார்ஜன்கூடத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நகர்ந்தார். டிரைவர் மட்டும் நிதானமாக லோரி மேல் ஏறி, மூக்கைச் சுளித்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தூக்கிக் காட்டினார். என் வாளி. கான்ஸ்டபிள் ஏறியபோது கால் பட்டுச் சாய்ந்திருக்கிறது. மிச்சப் பால் முழுக்கக் கோணிச் சாக்கில் ஊறிக்கொண்டிருந்தது.

"இது நம்ம ஸ்டோர் வாடைதானே கிராணியாரே," என்றார். "தினம் நீரே பால்ல கலக்குற மருந்து."

ஆமாம். நான்தான் கலந்தது. அன்று காலை ஐந்து மணிக்கு என் கையாலேயே கலந்தது. பாதி வாழ்நாள் அந்த வாடைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன், அதை அடையாளம் தெரியாமல் ஒரு சோதனைச் சாவடியையே காலி செய்தேன்.

சார்ஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, யாருக்கு இந்தப் பெட்டி என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அப்புறம் ஏனோ, என் மனைவிக்கு என்றும் சொல்லி, ஊசி விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். ஓடிப்போன பஸ் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். சீனர் இரண்டு பேர், மலாய்க்காரர் ஒருவர், தமிழ் ஆட்கள் மூன்று பேர்; கான்ஸ்டபிள் ஒரு மூலை, சார்ஜனே ஒரு மூலை. எல்லோரும் சேர்ந்து பெட்டியை நிமிர்த்தி, லோரியின் முன்பலகையோடு சேர்த்து வைத்து, கயிறு கட்டினார்கள். குழாய்ப் பக்கம் சாக்கைத் திணித்தார்கள். என்னை யாரும் தொட விடவில்லை.

இன்னும் ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. செரண்டாவைத் தாண்டி எங்கள் தோட்டத்துச் சடக்கில் திரும்பிய பிறகு நான்கு மைல், இரண்டு பக்கமும் பழைய ரப்பரும் காடும். அந்த வருஷம் அங்கே இரண்டு தடவை லோரியைச் சுட்டிருந்தார்கள். டிரைவர் அந்த நான்கு மைலை நாற்பது மைல் வேகத்துக்குக் குறையாமல்தான் ஓட்டுவார். புத்தகமோ குலுங்கக் கூடாது என்கிறது. சடக்கு முழுக்கப் பள்ளம். முனையில் லோரியை நிறுத்தினார். பதினைந்தில் போங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

"பதினஞ்சுல போனா அவன் குறி பாக்க வேண்டியதில்ல. வந்து கை குடுத்துட்டே சுடலாம்."

அவர் மாதா படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, நான் பின்னால் ஏறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக இருந்தால் பதினைந்தில் ஓட்டுகிறேன் என்றார். அவருக்கும் மனைவி உண்டு, நான்கு பிள்ளைகள் உண்டு. அந்த மனுஷன் சம்மதிக்க ஒரு காரணமும் இல்லை. அன்றைக்குப் பெட்டியைக் கொண்டுவந்தது யார் என்று யாராவது கேட்டால் முதலில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். நான் இங்கே யார் பெயரையும் சொல்லப் போவதில்லை என்பதால், அவருக்கு இந்த நாலு வரி.

பின்னால் ஏறினேன். முதல் வேலையாகப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். நல்ல கனத்த இரும்பு. குண்டு வந்தாலும் அதுதான் முதலில் வாங்கிக்கொள்ளும் என்று ஒரு நிம்மதி. அரை மைல் அப்படிப் போனது. பச்சை ரப்பருக்கு நடுவே வெள்ளைவெளேரென்று நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி. இதைவிட நல்ல இலக்கை யாரும் சுண்ணாம்பு அடித்துத் தர முடியாது. அப்போது இன்னொரு எண்ணம் வந்தது. குண்டு பெட்டியில் பட்டால் குழாய் உடையும். குழாய் உடைந்தால் அவள் வர மாட்டாள்.

இதை நான் வீரமாகச் சொல்ல வரவில்லை. முனியாண்டியிலிருந்து டிரைவருடைய மாதா வரை எல்லோரையும் கூப்பிட்டு முடித்திருந்தேன். பெட்டியை விட்டு நான்கைந்து விரல்கடை நகர்ந்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் பெட்டிக்கு முன்னால் வந்து, காடு அதிகமாக இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒல்லி ஆள். பெட்டியில் பாதியைக்கூட என்னால் மறைக்க முடியாது. மறைக்க முடிந்த பாதியை மறைத்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அது என் மார்பில் இடித்தது, நான் அதைத் திரும்ப இடித்துத் தள்ளினேன். மூன்றரை மைல் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். யாரும் சுடவில்லை. ஒரு குரங்குதான் பார்த்ததாக டிரைவர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லட்டும். அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம் போய்விட்டது. என்னைப் பற்றி நானே ஆயிரம் கேலி சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மூன்றரை மைலை நினைத்தால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

வேலிக் கதவுக்கு வந்தபோது ஆறுக்குப் பத்து நிமிஷம். டிரசர் ஐயா ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, படுக்க வைத்துவிட்டேன் ஐயா, பெட்டி செத்துவிட்டது என்றேன். அவர் புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தை வாசித்தார். பிறகு நான் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். பக்கத்தைத் திருப்பினார். அங்கே, தவறிப் படுக்க வைத்துவிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் நிமிர்த்தி வைத்திருந்து, குழாய்க்குள் இருப்பதெல்லாம் தன் இடத்துக்கு இறங்கிய பிறகு விளக்கேற்றவும் என்று போட்டிருந்தது.

"இங்கிலீஷ்ல ரெண்டாம் பக்கமும் உண்டு தம்பி," என்றார்.

குளிர் உள்ளே இருக்கும் சரக்கு அல்ல, விளக்கு எரிய எரிய ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாவது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஐஸ் எடுக்காதே என்று நான் சொன்ன உறை மோர்க் கதையைக் கேட்டதும் அவரால் மேலே பேச முடியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

லயத்திலிருந்து ஆறு பேர் வந்து பெட்டியை நிமிர்த்தியபடியே இறக்கினார்கள். இந்த முறை ஒரு விரல்கடைகூடச் சாயவில்லை. டிரசர் ஐயா பாதித் தண்ணீர் ஊற்றிய மருந்துப் புட்டியை அதன் தலையில் படுக்க வைத்து மட்டம் பார்த்தார். ஒரு காலுக்கு அடியில் ரப்பர் மரப் பலகைச் சில்லு ஒன்றை வைத்ததும் மட்டம் சரியானது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார், பின்னால் சூடு போக வழி வேண்டும் என்று. மீதி நேரம் யாரும் தொடக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார். மறுநாள் வேலை முடிந்து வந்த ஆட்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றேன், விளக்கம் சொல்வதற்கு. படுக்க வைக்கக் கூடாது, அது முக்கியம் என்று நான் சொன்னபோது, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற டிரைவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலையில் டிரசர் ஐயா தொட்டியில் எண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, விளக்கேற்றினார். மஞ்சளாக ஆடிய சுடர் நீலமாகி நின்றது. நான் மத்தியானம் இரண்டு தடவை ஸ்டோரை விட்டு ஓடி வந்து கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நீ திறந்து திறந்து பார்த்தால் எப்படி, இரண்டு கைக்கும் வேலை இல்லையா என்று விரட்டினார். சாயங்காலம் உள்சுவர் லேசாக வியர்த்திருந்தது. அடுத்த நாள் விடிந்ததும் போனேன். தட்டில் ஊற்றிய தண்ணீர் ஐஸாக உறைந்திருந்தது.

ஏழு நாள் டிரசர் ஐயா உள்ளே தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் மாலையும் குறித்து டாக்டருக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம், பால் இறக்கிவிட்டுத் திரும்பிய லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வந்து இறங்கினாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை டிரசர் ஐயா ஊசியில் ஏற்றிப் போட்டார். அவள் கையைத் தேய்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தாள்.